சென்றி வரைக்கும் ஓட்டம்

கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடை. அதே தெருவில் ஒரு பெயின்ற் கடை. பேலியகொடைப் பக்கம் ஒரு சீமெந்துக் களஞ்சியம். வெள்ளவத்தையில், கடல் தெரிகிற மூன்றாம் மாடியில், ஒரு வீடு. இவ்வளவையும் கட்டினவன் நான். அப்பன் தந்ததில்லை, மாமன் தந்ததில்லை, பாங்க் மனேஜர் தந்ததுமில்லை. அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னதே களஞ்சியம் வாங்கின பிறகுதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் முதற்கடை எரிந்தபோது மிஞ்சினது ஆணிகள் மட்டும். நெருப்புப் பட்ட ஆணி பதம் போய்விடும், சுத்தியலால் அடித்தால் வளையும், ஒருவரும் வாங்கமாட்டார்கள். நான் அதைச் சாம்பலுக்குள்ளிருந்து அரித்தெடுத்துப் பழைய இரும்பாக நிறுத்து விற்று, அந்தக் காசில் திரும்பவும் கடை திறந்தேன். அந்தத் தெருவில் முதலில் திறந்த தமிழ்க் கடை என்னுடையது. கேட்டுப் பாருங்கள், சிங்களக் கடைக்காரர்களே சொல்லுவார்கள்.

இப்படிப்பட்ட எனக்கு நெஞ்சுவலி வந்தது என்றால் நானே நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, கடைக் கல்லாவில் இருக்கும்போது, நெஞ்சுக்கு நடுவில் யாரோ ஒரு சீமெந்துப் பையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருந்தது. வாய்வு என்று நினைத்து இஞ்சிச் சோடா ஒன்று குடித்தேன். பிறகு இன்னொன்று. இடது பக்கம் தாடையிலிருந்து கைவிரல் வரைக்கும் கனத்தது. வேர்வை சட்டையைப் பிழிந்து எடுக்கலாம் போல. கணக்கப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் நின்ற முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டார். அவர் என்னைக் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு இதை எழுத நான் இருந்திருக்கவும் மாட்டேன். வாசிக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: வாய்வு என்றால் ஒரு சோடாவோடு போகவேணும். இரண்டாவது சோடாவைத் திறக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிக் கோடு கீறுகிற மிசினில் என்னைப் போட்டார்கள். அதுதான் ஈ.சி.ஜி. இதயம் அடிக்கிற அடியை அது கடதாசியில் மலையும் பள்ளமுமாகக் காட்டும். என்னுடைய மலையைப் பார்த்த நேர்ஸ் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயில் இரத்தம் கட்டிபட்டு அடைத்துவிட்டது என்றார்கள். அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் சீமெந்துப் பையை யாரோ தூக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஊசியைக் கண்டுபிடித்தவன் நல்லாயிருக்கட்டும்.

வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ரஹீம் நானா. மீன் சந்தையில் மொத்த வியாபாரம். அவருக்கும் அதே அடைப்புத்தான், ஆனால் இரண்டு நாள் முந்தி வந்ததால் வாட்டே தன்னுடையது என்கிற நினைப்பு. நான் கண்ணைத் திறந்ததும் சொன்னார்:

“முதலாளி, பயப்பட வாணாம். இங்க சாப்பாட்டுக்கு உப்பில்ல, அது ஒண்டுதான் கஷ்டம். மத்தப்படி எல்லாம் நல்லா இரிக்கி.”

“நான் பயப்படயில்லை நானா.”

“அப்ப அந்தக் கட்டில் கம்பிய விடுங்க. அரசாங்கச் சாமான், வளஞ்சிடும்.”

சில நாள் கழித்துக் குழாய்ப் படம் எடுத்தார்கள். தொடையிடுக்கில் ஒரு ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அது இரத்தக் குழாய் வழியாக இதயம்வரை போகும். பிறகு சாயம் ஒன்றைப் பாய்ச்சி, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி ஒன்றில் பார்ப்பார்கள். நோவில்லை. சாயம் போகும்போது மட்டும் உடம்பெல்லாம் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. முடிந்த பிறகு காலை நீட்டி ஆடாமல் கிடக்கவேணும். எனக்கு அதுதான் பெரிய தண்டனை. மனைவி பரிமளம் கட்டிலடியில் ஸ்டூல் போட்டிருந்து என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், நான் எழும்பி ஓடிவிடுவேன் என்று.

டொக்டர் சிங்களவர், இளம் ஆள், பொறுமைசாலி. படத்தைக் காட்டி, ஒரு குழாய் நல்ல இறுக்கம், மற்ற இரண்டில் கொஞ்சம் கொஞ்சம் என்றார்.

“குழாய் அடைச்சால் நாங்கள் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்டுவம் டொக்டர்” என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

“அது ஒப்பரேஷன், முதலாளி. நெஞ்சைப் பிளக்கவேணும். முதலில் மருந்து, சாப்பாடு, நடை. நடக்க நடக்கப் பக்கத்துச் சின்னக் குழாய்கள் விரிந்து வேலையைப் பங்குபோடும். மூன்று மாதம் கழித்து ஓடுகிற மிசினில் ஏற்றிப் பார்ப்போம். அதில் தாக்குப்பிடித்தால் ஒப்பரேஷன் வேண்டாம்.”

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து மகள் வதனி வந்து இறங்கினாள். ஒரே பிள்ளை. நான் படிக்காததை எல்லாம் சேர்த்துப் படிக்கவைத்த பிள்ளை. வந்து கட்டிலடியில் நின்று கொஞ்சம் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

“அப்பா, கடையைக் குடுப்பம். நீங்களும் அம்மாவும் என்னோடை வாங்கோ. நான் எப்பவோ ஸ்பொன்சருக்குக் குடுத்திட்டன்.”

“என்னைக் கேட்டனியோ?”

“கேட்டால் வேண்டாம் எண்டுவீங்கள்.”

“இப்பவும் வேண்டாம்தான்.”

“இஞ்சை ரவுண்டப், செக்கிங், குண்டு. இதுக்குள்ளை உங்களுக்கு இந்த வருத்தமும். இன்னொருக்கா வந்தால் அம்மா உங்களை எந்த சென்றி தாண்டிக் கொண்டு ஓடுறது? அங்கை நான் ஒவ்வொரு டெலிபோன் மணிக்கும் செத்துச் செத்துப் பிழைக்கிறன்.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கனடாவில் நான் யார்? வதனியின் அப்பா. சோபாவில் இருந்து பனியைப் பார்க்கிற கிழவன். இங்கே என் கடைக்கு முன்னால் லொறி நின்றால், சாரதி கண்ணாடியை இறக்கி “முதலாளி மாத்தயா” என்று கும்பிடுவான். அதை விட்டுவிட்டுப் போய் நான் எத்தனை நாள் இருப்பேன்?

டொக்டரையும் ரஹீம் நானாவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னேன். மூன்று மாதத்தில் மிசினில் ஓடிக் காட்டுகிறேன். பாஸ் என்றால் நான் கொழும்பில்தான். பெயில் என்றால் ஒரு சொல் சொல்லாமல் பிளேன் ஏறுகிறேன். வதனி கையை நீட்டினாள், நான் அடித்துக் கொடுத்தேன். ரஹீம் நானா வாட்டு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. வீடு போன பிறகு கடைக்கு டெலிபோன் எடுத்து, “முதலாளி, ஓடினீங்களா, இல்லாட்டி இன்னும் பேச்சுத்தானா?” என்று கேட்பார். மனிதர் ஏன் ஓடத் தொடங்குகிறார்கள் என்று யாராவது உங்களைக் கேட்டால் என் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் நாலு பேருக்கு முன்னால் வாயை விடவேணும். பிறகு கால் தானாக வரும்.

டொக்டர் சொன்ன மாதிரி முதலில் நடை. வீட்டு வாசலில் இருந்து ஒழுங்கை முடிவு வரை. பிறகு காலி வீதி. மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகம் என்றார். கதைக்கிறது எனக்கு ஒரு நாளும் கஷ்டமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நடந்த பிறகு, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் மெல்ல ஓடு, அடுத்த இரண்டுக்கு நட என்று விட்டார்.

ஓடுகிறதுக்கு வெள்ளவத்தையில் இன்னொரு கஷ்டம் இருந்தது. இதை இதய டொக்டர்மார் ஒருவரும் சொல்லித்தரமாட்டார்கள். விடியற்காலையில், வாய்க்கால் பாலத்தில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப் பக்கம், தமிழன் ஒருவன் ஓடினால் அதற்கு என்ன அர்த்தம்? அடையாள அட்டை இல்லாமல் வாசற்படி இறங்காத காலம். ஓடுகிற காற்சட்டைக்குப் பொக்கெற் இல்லை. அதனால் நான் முதல் நாள் நீளக் காற்சட்டை, கை நீளச் சட்டை, பொக்கெற்றில் அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, காலில் கடைக்குப் போகிற தோல் சப்பாத்து என்று கலியாணத்துக்குப் போகிற மாதிரி ஓடினேன். இரண்டாம் நாள் பரிமளம் என் பெனியனுக்கு உள்பக்கம் ஒரு பை தைத்து, அட்டையைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக் கொடுத்தாள். வேர்வை படாது. அதற்கு மேல் ஒரு தடித்த ஊசியும் குத்திவிட்டாள்.

அன்றைக்குத்தான் பிழை விட்டேன். கம்பத்துக்குக் கம்பம் நல்லாக ஓடி வந்தவன், பாலத்தடியில் மண்மூட்டைகளைக் கண்டதும் சட்டென்று நடந்தேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பழகியிருந்தோம். சென்றியைக் கண்டால் நடை குறையும், கதை நிற்கும், பஸ்சுக்குள் தமிழ்ப் பத்திரிகை மடியும். அதை ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.

“ஏய்!”

கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். துவக்கோடு வந்த ஆமிக்காரன் மெலிந்த ஆள், பண்டார என்று பிறகு தெரிந்தது. எங்கே ஓடுகிறாய் என்று கேட்டான்.

“ஹார்ட் எக்கட்ட, மாத்தயா” என்றேன். இதயத்துக்கு.

“இதயத்துக்கு ஓடுகிறவன் என்னைக் கண்டதும் ஏன் நிறுத்தினாய்?”

என்ன சொல்லுகிறது? பயத்தில் என்று சொன்னால் ஏன் பயம் என்பான். பெனியனைத் தூக்கி ஊசியைக் கழற்றி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவன் அட்டையைப் பார்த்தான், என் நெஞ்சிலே ஈ.சி.ஜி. வயர் ஒட்டச் சிரைத்த இடத்தில் முளைத்துவந்த குச்சி மயிரைப் பார்த்தான், சிரித்துவிட்டான்.

“துவனவா நம் துவன்ன, அங்கிள்” என்றான். ஓடுகிறதென்றால் ஓடுங்கோ. சந்தேகம் வருகிறது ஓடுகிறதில் இல்லை, நிற்கிறதில்தான் என்று விளங்கப்படுத்தினான்.

அதற்குப் பிறகு நான் சென்றிவரை ஓடியே போவேன். மண்மூட்டையில் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவேன். பண்டார நின்றால் தலையை ஆட்டுவான். இது நல்லாகப் போய்க்கொண்டிருக்கும்போது சொந்தத்துக்குள் ஒரு கலியாணம் வந்தது. சாப்பிட்டுக் கதைத்துப் பிந்திப் படுத்ததால் அடுத்த நாள் காலை நான் எழும்பவில்லை. மறுநாள் வழக்கம்போல் போனால் சென்றியில் புது சார்ஜன்ட். மற்ற ஆமிக்காரர் சொல்லியிருக்கவேணும், என்னைப் பிடித்து வாங்கில் இருத்திவிட்டார். நேற்று ஏன் வரவில்லை? ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வருகிறவன் ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் எங்கே போனான்?

“மகளுடைய மச்சாளின் கலியாணம், மாத்தயா.”

“எந்த ஹோல்? யார் மாப்பிள்ளை? என்ன சாப்பாடு?”

சாப்பாட்டை ஒன்றும் விடாமல் சொன்னேன். எனக்கு விலக்கின வடையும் பாயாசமும் அதற்குள் இருந்தது. சரியாக அந்த நேரம் என்னைத் தேடிப் பரிமளம் மருந்துச் சீட்டுகளோடு மூச்சிரைக்க வந்து பின்னால் நிற்கிறாள். வடை என்றதைக் கேட்டுவிட்டாள். சார்ஜன்ட் என்னை விட்ட பிறகும் அவள் விடவில்லை.

“டொக்டர் சொல்லிக் கேக்காத மனிசன், ஆமி கேட்டால் எல்லாத்தையும் ஒப்புவிக்கிறார்.”

“ரெண்டு வடைதான் பரிமளம்.”

“மாத்தயாட்டை மூண்டெண்டு சொன்னீங்கள்.”

பண்டார கடமைக்கு வந்து, “மே அப்பே ஹார்ட் அங்கிள்” என்று சார்ஜன்டுக்குச் சொல்லிவைத்தான். இது எங்கட ஹார்ட் அங்கிள். அன்றோடு எனக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அன்றோடு லீவும் ஒழிந்தது. மழையா, கால் நோவா, சோம்பலா, ஒன்றும் பார்க்க முடியாது. ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் விசாரணை. தொடங்குகிறதுக்கு வீம்பு போதும். விடாமல் ஓடுகிறதுக்கு, நீ வரவில்லை என்று கவனிக்கிற ஒருவர் பாதையில் நிற்கவேணும். எனக்கு அவர் துவக்கோடு நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கண்டு ஆட்கள் சேர்ந்தார்கள். முதலில் கீழ் வீட்டு ஞானம் ரீச்சர். அவவுக்குச் சீனி வருத்தம், நடக்கச் சொல்லி வருசக்கணக்கு, தனியப் போகப் பயம்.

“அண்ணை, உங்களுக்குச் சென்றியிலை செல்வாக்காமே. நானும் வரட்டோ?”

“வாங்கோ ரீச்சர். சென்றியைக் கண்டால் நிக்கக்கூடாது, அது ஒண்டுதான் சட்டம்.”

பிறகு எதிர் லொட்ஜில் இருந்த சிவம். சுவிசுக்குப் போகக் காத்துக்கொண்டிருந்த மனிதன், பெண்சாதி பிள்ளைகள் வவுனியாவில். அவருக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. “களைச்சால்தான் நித்திரை வருகுது ஐயா” என்றார். மூன்று பேருக்கும் மூன்று காரணம். ஆனால் ஓடத் தொடங்கினால் மூன்று பேருக்கும் ஒரே மூச்சு. பரிமளம் எல்லாருக்கும் பை தைத்துக் கொடுத்தாள். ரீச்சர் ஓடுகிறபோது சத்தமாகத் தமிழில் கதைத்துக்கொண்டே வருவா. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் அப்படிக் கதைத்தது நாங்கள் மட்டும்தான். எனக்கு வருத்தம் வந்ததை மறந்து சிரித்த காலைகள் அவை. நெஞ்சுக்குள் என்ன விரிந்ததோ தெரியாது, ஏதோ விரிந்தது உண்மை.

மூன்று மாதம் முடிய வதனி திரும்பவும் வந்தாள். எங்கள் இருவருக்கும் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொண்டே வந்திருந்தாள். அவளுடைய நம்பிக்கை எனக்கு விளங்கினது.

பரிசோதனை இப்படி. மேல்சட்டையைக் கழற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டி, கையில் பிறஷர் பட்டி கட்டி, ஓடுகிற பட்டி ஒன்றில் ஏற்றிவிடுவார்கள். பட்டி நடக்கும், நீங்களும் நடக்கவேணும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது வேகம் கூடி மேட்டுப் பக்கமாகச் சாயும். நெஞ்சு நோகுதா, தலை சுத்துதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நோகிறதை மறைக்கக்கூடாது, கோடு காட்டிக்கொடுத்துவிடும். எதிரே சுவர். ஓடுகிறேன், அந்தச் சுவர் கிட்ட வரவே இல்லை. வெள்ளவத்தைக்காரனுக்கு அது புதுப் பழக்கம். தட்டிவிட்டுத் திரும்ப மண்மூட்டையும் இல்லை. மூன்றாம் சாய்வில் தொடை எரிந்தது. நேர்ஸ், “போதுமா அங்கிள்?” என்றா.

“இன்னும் போடுங்கோ.”

“அப்பா, காணும்” என்றாள் வதனி, கதவடியில் நின்று.

அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். நாலாம் சாய்வு வந்தது. அப்போது எனக்குக் கடையும் இல்லை, கனடாவும் இல்லை. ஞானம் ரீச்சர் பக்கத்தில் கதைத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு நினைப்பு மட்டும், அதோடு போய்க்கொண்டிருந்தேன். டொக்டர்தான் பட்டியை நிற்பாட்டினார். இந்த வயதுக்கு அடிக்கவேண்டிய அடியை இதயம் அடித்துவிட்டது, கோடு இறங்கவில்லை, நோவில்லை, ஒப்பரேஷன் தேவையில்லை, மருந்தும் ஓட்டமும் தொடரட்டும் என்றார்.

வதனி வந்து துவாயால் என் முதுகைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

“பாஸ் பண்ணினதுக்கு அழுறியோ?”

“நீங்கள் தோத்திருந்தால் என்னோடை இருந்திருப்பீங்கள்.”

அவள் கையிலிருந்த துவாயை வாங்கி அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். வேறென்ன செய்கிறது? ஆனால் சொன்ன சொல் சொல். விண்ணப்பத்தை அவளே மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. வதனி கனடாவுக்கு டெலிபோன் எடுத்து, “டொக்டர் அப்பாவைக் காப்பாத்திப்போட்டார்” என்று மாப்பிள்ளைக்குச் சொல்லுகிறாள். பரிமளம் கோயிலில் நின்று, முருகன் காப்பாற்றினான் என்கிறாள். ரஹீம் நானா தன்னுடைய டெலிபோன்தான் காப்பாற்றினது என்று மீன் சந்தை முழுக்கச் சொல்லித் திரிகிறார். இப்போது இதய கிளினிக்கில் ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு ரீச்சர் எழுதிக் கொடுத்த கட்டுரையில், “வைத்தியரின் முயற்சியினால் வெள்ளவத்தையில் ஓட்டக் குழு ஒன்று உருவானது” என்று இருக்கிறது. எனக்கு வாசித்துக் காட்டினா. நான் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். அதே வரிதான்.

டொக்டர் நல்ல மனிதர். மருந்து தந்தார், நடக்கச் சொன்னார், நான் மறுக்கவில்லை. முருகனையும் மறுக்கவில்லை. ஆனால் டொக்டர் ஒரு நாளாவது அந்தப் பாலம்வரை ஓடி வந்தாரா? விடியற்காலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது யார்? அடுத்த நாளும் அதே இடத்துக்குப் போனது யார்? மிசினில் நாலாம் சாய்வு ஏறினது யாருடைய கால்?

ரீச்சர், அந்த வரியை வெட்டுங்கோ. “வெள்ளவத்தையில் இந்த ஓட்டத்தைத் தொடங்கினவர் கொட்டாஞ்சேனை இரும்புக்கடை நல்லதம்பி முதலாளி” என்று எழுதுங்கோ. டொக்டருடைய பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடுங்கோ, எனக்கு ஆட்சேபனை இல்லை. எனக்குக் கீழே போடுங்கோ.